சாந்தாமணி கைக்கு ஓடாத அம்பு

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்கென்று ஒரு சாபம் உண்டு: அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கெட்டுக் கிடந்த சாமான் தானாகச் சரியாகிவிடும். காலையிலிருந்து வீட்டையே அழவைத்த இயந்திரம், நான் உள்ளே நுழைந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப்போல அடக்க ஒடுக்கமாகிவிடும். "இப்பத்தானுங்க மக்கர் பண்ணுச்சு" என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். நானும் நம்புகிறவன்போலத் தலையாட்டுவேன். நீங்களும் டி.வி., மிக்ஸி, தையல் மிஷின் என்று எதையாவது தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போய் அசடு வழிந்து திரும்பியிருப்பீர்கள். சாபத்தின் மறுபாதி உங்களுடையது.

தொண்ணூறுகளில், காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் சந்திரன் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தார். நான் அங்கே சர்வீஸ்காரன். அதற்குமுன் ரேடியோ, பிறகு டி.வி., பிறகு இது. எனக்கு அப்போதே தலை நரைத்திருந்ததால், நான் வெளிநாட்டில் ராக்கெட்டுக்கு வயரிங் செய்துவிட்டு வந்தவன் என்று ஒரு வதந்தி ஊரில் இருந்தது. அதைக் கிளப்பியவனும் நானேதான்.

அந்தக் காலத்து மவுஸைக் கட்டி மேய்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் வயிற்றுக்குள் ரப்பர் பூசிய ஒரு குண்டு. மேசைமேல் நகர்த்தினால் குண்டு உருளும். குண்டு உருண்டால் உள்ளே இரண்டு சின்ன உருளைகள் சுற்றும். அவை சுற்றினால் திரையில் அம்பு நகரும். கம்ப்யூட்டரில் வேறு எது கெட்டாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அம்பு நம் பேச்சைக் கேட்கவில்லை என்றால் மட்டும், பெற்ற பிள்ளை எதிர்த்துப் பேசியதுபோல முகம் மாறிவிடும்.

சோமனூர்ப் பஞ்சு

சோமனூரில் ஒரு விசைத்தறிக்காரர். தறிக்கூடத்துக்கும் வீட்டு முன்னறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்த முன்னறையில் கம்ப்யூட்டர். அம்பு மேலும் கீழும் போகிறது, பக்கவாட்டில் மட்டும் போகமாட்டேன் என்கிறது என்று புகார். "அதுக்கு ஒரு பக்கம் வாதம் வந்துருச்சுங்களா?" என்று அவர் மனைவி விசாரித்தார்.

மவுஸைக் கவிழ்த்துக் குண்டை எடுத்தேன். உள்ளே ஓர் உருளையைக் காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பஞ்சுப் பொதி. ஊசியால் நெம்பி இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மேசைமேல் சேர்ந்த பஞ்சைத் திரித்து, அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு விளக்குக்குத் திரி போட்டார்கள் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். திரி போட்டதை நீங்கள் நம்பவேண்டாம், பஞ்சை நம்புங்கள். தறிக்காரர் அந்தப் பொதியைக் கையில் வாங்கி, தரம் பார்ப்பதுபோல விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு மாசம் உட்டிருந்தீங்கன்னா, அதுவே ஒரு துண்டு நெய்துபோட்டிருக்குமாட்ட இருக்குதுங்க."

சரவணம்பட்டி, முதல் நடை

அப்போது சரவணம்பட்டியில் இப்போது இருக்கிற கண்ணாடிக் கட்டடங்கள் எதுவும் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் சோளக்காட்டு ஓரமாகவே நடந்து போகவேண்டும். அங்கே சாந்தாமணி என்று ஒரு பெண். சிறுமுகைப் பட்டுச் சேலைகளுக்கு பார்டர் டிசைன் போடுகிறவர். முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில், கட்டம் கட்டமாக வர்ணம் தீட்டித் தருவார். ஆவணியில் எங்கள் கடையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதே வேலையைத் திரையில் செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி ஒரு புள்ளி. ஒரு மயிலுக்கு எத்தனை புள்ளி என்று நினைத்தாலே எனக்குக் கண் இருட்டும்.

சிறுமுகைச் சேலை முதலாளி ஒருவர், தீபாவளிக்குள் ஒரு மயில் பார்டர் வேண்டும், அது நன்றாக வந்தால் இனிமேல் எல்லா டிசைனும் சாந்தாமணிக்குத்தான் என்று சொல்லியிருந்தார். வீட்டில் மாமனார் நாச்சிமுத்துவும் ஒரு கெடு வைத்திருந்தார். "தீவாளி நோம்பிக்குள்ள ஒரு சேலையைக் கண்ணுல காட்டோணும். இல்லீன்னா இத கடையில திருப்பிக் குடுத்துப்போட்டு, அந்த மூலையில கிரைண்டரை வெச்சுக்கறேன்." கிரைண்டர் ஏற்கெனவே வாங்கியாயிற்று. கூடத்தில் சாக்கு மூடி, தன் முறைக்காகக் காத்திருந்தது.

சாந்தாமணிக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதே காலையில்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, சமையலுக்கு உலை வைப்பதற்கு முன்னால். புரட்டாசி பிறந்ததிலிருந்து சரியாக அந்த நேரத்தில் அம்பு நின்றுவிடுகிறது. "அப்படியே ஒரு எடத்துல நின்னு துடிக்குதுங்க. நவுரவே மாட்டேங்குது" என்றார். நான் காந்திபுரத்தில் இரண்டு வேலையை முடித்துக்கொண்டு போய்ச் சேரும்போது பதினொரு மணி. மவுஸைப் பிடித்துச் சுற்றினேன். அம்பு திரை முழுக்கக் கன்றுக்குட்டிபோலத் துள்ளி ஓடியது. குண்டைக் கழுவினேன், உருளையைத் துடைத்தேன். கெட்டுப்போனதற்கு ஓர் அடையாளமும் இல்லை. நாச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பெரியவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"எம் பையன் புடிச்சா ஓடுது, நீங்க புடிச்சாலும் ஓடுது. மருமக கைக்குத்தான் ஆகறதில்லைங்க."

தாராபுரத்துச் சந்தனம்

ஆயுத பூஜை முடிந்தால் எங்கள் தொழிலில் சீசன். தாராபுரத்தில் ஒரு தானிய மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். அம்பு வழுக்குகிறது என்று தகவல். மவுஸின் முதுகில் மூன்று விரலால் இழுத்த விபூதி, நடுவில் குங்குமப் பொட்டு. கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பொட்டு. மானிட்டருக்கு மாலை. இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், எனக்குப் பழக்கம்.

குண்டை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குண்டையும் கழற்றிப் பாலில் கழுவி, கெட்டிச் சந்தனம் பூசி, பொட்டு வைத்துத் திரும்ப உள்ளே போட்டிருந்தார்கள். மேசை விரிப்பில் மவுஸ் போன வழியெல்லாம் சந்தனக் கோடு. அறை கோயில்மாதிரி மணத்தது. உள்ளே எறும்புகள் வேறு. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பி, உருளைகளைச் சுரண்டி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு முறை காப்பி வந்துவிட்டது. "முதுகுல வெச்சா போதாதுங்களா, வயித்துக்குள்ளயும் வெக்கோணுமா?" என்று கேட்டேன். மண்டிக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார்:

"உருண்டு வேலை செய்யறது அதுங்க. அதுக்கு வெக்காம மேல இருக்கற மூடிக்கு வெச்சா, அது என்னங்க நெனைக்கும்?"

குளிர் தேசத்துச் சாமான்

தாராபுரத்திலிருந்து சந்தன வாசனையோடு கடைக்குத் திரும்பினால், சந்திரன் முகம் சரியில்லை. சரவணம்பட்டியிலிருந்து மறுபடியும் போன். "புது மவுஸைக் கொண்டுபோய் மாட்டிட்டு வாங்ணா. இன்னமும் ஓடலைன்னா மிஷினே திரும்பி வந்துரும்" என்றார். புது மவுஸோடு போனேன். போய்ச் சேர்ந்தது உச்சி வேளை. பழையதும் ஓடியது, புதியதும் ஓடியது. புதியதை மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே போன் வந்தது: புதியதும் நின்றுவிட்டது.

மறுபடியும் போனபோது நாச்சிமுத்து தினசரி காலண்டரோடு உட்கார்ந்திருந்தார். கிழமைவாரியாக ராகு காலம் பார்த்தாராம், எமகண்டம் பார்த்தாராம், குளிகை பார்த்தாராம். எதோடும் ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் வைத்த இடத்திலும் குறை இல்லை. கரண்டில் ஓடுகிற சாமான் என்பதால் அவரே மனையடி பார்த்து, தென்கிழக்கில் அக்னி மூலையில், ஜன்னலை ஒட்டி மேசை போட்டிருக்கிறார். ஆக, மிச்சம் இருப்பது மருமகள் கை ஒன்றுதான்.

சாந்தாமணி என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நெசமா என் கைதானுங்களா? மழை பேஞ்ச அன்னைக்கு மட்டும் காலையில நல்லா ஓடுச்சுங்க. மத்த நாளெல்லாம் நிக்குது. மயிலுக்கு இன்னும் கழுத்தே வரலீங்க." அந்த முகத்தைப் பார்த்து, காரணம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கமும் எனக்குக் கிடையாது. அவர் சொன்ன மழையையே முதலாகப் போட்டு, உள்ளே திரும்பிப் போய்ப் பெரியவரிடம் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "இது குளிர் தேசத்துல செஞ்ச சாமானுங்க. அங்க வருசம் பூரா மூட்டம். நம்ம ஊர் வெயில் இதுக்கு ஒத்துக்கறதில்லைங்க. அம்மணி கையில ஒரு கோளாறும் இல்லீங்க." பெரியவர் காலண்டரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு யோசித்தார்:

"அப்படீன்னா மார்கழி வரைக்கும் பொறுத்துக்கோணுமாட்ட இருக்குது. தீவாளி முன்னாலயே வந்துருதுங்களே."

முதல் பஸ்

தீபாவளி நெருங்கிவிட்டது. இனிமேல் சாபத்தை முந்துவது ஒன்றுதான் வழி என்று, ஒருநாள் காந்திபுரத்தில் காலையில் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். விடியும்போதே போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை திண்ணையில் காத்திருந்தேன். சாந்தாமணி கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அம்பு ஓடியது. மயிலுக்குக் கழுத்தில் நாலு புள்ளி விழுந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அம்பு நின்றுபோனது. ஒரே இடத்தில் நின்று, கண்ணாடியில் மாட்டிக்கொண்ட ஈயைப்போலத் துடித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சாமான் என் கண்ணெதிரே கெட்டுப்போனது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆனந்தமாக இருந்தது.

கிட்டே பார்ப்பதற்காக ஜன்னல் பக்கமாகப் போய்க் குனிந்தேன். அம்பு ஓடியது. நிமிர்ந்து நகர்ந்தேன். நின்றது. மறுபடி குனிந்தேன். ஓடியது. "நீங்க கும்புட்டாத்தான் ஓடுமாட்ட இருக்குதுங்க" என்றார் சாந்தாமணி. கட்டிலிலிருந்து நாச்சிமுத்து எழுந்து வந்துவிட்டார். நான் குனிந்தபோது மேசைமேல் விழுந்தது என் தலையின் நிழல். நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாகச் சுள்ளென்று விழுந்தது காலை வெயில். சாந்தாமணியின் கையைப் பார்த்தேன். நாமெல்லாம் மவுஸை உள்ளங்கையால் மூடிப் பிடிப்போம். அவர் கோலப்பொடி எடுக்கிறமாதிரி மூன்று விரல் நுனியில் பிடித்திருந்தார். மவுஸின் வெள்ளை முதுகு முழுக்க வெயிலில் பளபளத்தது.

விஷயம் இவ்வளவுதான். உள்ளே அந்த உருளைகளின் முனையில் பல் வைத்த சின்னச் சக்கரங்கள் உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பக்கம் குட்டி விளக்கு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண். சக்கரம் சுற்றும்போது வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிய, அதை வைத்துத்தான் அம்பு நகரும். மேல்மூடியோ மெல்லிசு. வெயில் அதை ஊடுருவிக்கொண்டு உள்ளே போனால், அந்தக் கண் கூசிப்போகும். பிறகு விளக்கு எரிந்தாலும் மறைந்தாலும் அதற்கு ஒன்றுதான். பதினொரு மணிக்கு வெயில் ஜன்னலை விட்டு மேலே போய்விடும், நான் உள்ளே வருவேன். ஆவணியில் வானம் மூட்டமாக இருந்தது, அதனால் ஓடியது. எங்கள் உள்ளங்கை அதற்குக் குடை. சாந்தாமணியின் விரல்நுனி குடையாகவில்லை.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லீங்களா?" என்றார் சாந்தாமணி.

"ஒண்ணும் இல்லீங்க அம்மணி. சூரியனோட கையிலதான் கோளாறு" என்றேன். நாச்சிமுத்து ஜன்னலையும் மவுஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்:

"நீங்க முன்னமே சொன்னதுதானுங்களே, வெயில் ஒத்துக்கலீன்னு. நாந்தான் அதைப் பொய்யின்னு நெனச்சுப்போட்டேன்."

கறுப்பு பனியன்

நோய் தெரிந்தது, மருந்துக்குத்தான் வழியில்லை. மேசையை நகர்த்தலாம் என்றேன். அக்னி மூலையை விட்டு நகர்த்தக்கூடாது என்றார் நாச்சிமுத்து. ஜன்னலைச் சாத்தலாம் என்றேன். காலை வெயில் வராத ஊடு ஒரு ஊடா என்றார். உள்ளங்கையால் மூடிப் பிடிக்கலாமே என்று சாந்தாமணியிடம் கேட்டேன். "முழுக் கையும் வெச்சா புள்ளி அக்கட்ட இக்கட்டப் போயிருதுங்க. மயிலு காக்கா ஆயிரும்" என்றார். ஒருநாள் காலை நேரம் முழுக்க நாச்சிமுத்து தன் கறுப்புக் குடையை விரித்து, மருமகளுக்குப் பின்னால் நின்று பிடித்தார். அன்று மயிலுக்குக் கொண்டை முளைத்தது. மறுநாள் பெரியவருக்குத் தோள் வலி.

வழி கண்டுபிடித்தவர் சாந்தாமணிதான். அவர் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கிருந்து கறுப்புப் பனியன் வெட்டுத்துணி கொஞ்சம் வரவழைத்து, இரண்டு மடிப்பாக வைத்து மவுஸுக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டார். இரண்டு பொத்தானுக்கு இடம், வாலுக்கு ஓர் ஓட்டை, அடியில் குண்டுக்கு வட்டமாக ஒரு கழுத்து. மேசைமேல் கறுப்பாக, கொழுகொழுவென்று, குளித்துவிட்டுப் புதுச்சட்டை போட்ட குழந்தைமாதிரி உட்கார்ந்திருந்தது. வெயில் அதன் முதுகில் அடித்தது. அம்பு ஓடியது.

கடைக்கு வந்து சந்திரனிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கே அது புது அனுபவம். சந்திரன் கேட்டு முடித்துவிட்டு, டீயைக் கீழே வைத்தார்:

"சோமனூர் விளக்குத்திரியை நம்பறேன், ராக்கெட்டு வயரிங்கையும் நம்பிக்கறேன். மவுஸுக்குப் பனியன் போட்டதை மட்டும் உட்டுருங்ணா."

தீபாவளிக்கு முந்தின நாள்

தீபாவளிக்கு முதல் நாள் சரவணம்பட்டிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மறுபடியும் அம்பு நின்றுவிட்டதோ என்று பயந்துகொண்டே போனேன். சிறுமுகையிலிருந்து முதல் சேலை வந்திருந்தது. அரக்கு நிறம், பச்சை பார்டர், அதில் வரிசையாக மயில்கள். அடுத்த மூன்று டிசைனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று சாந்தாமணி சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மாமனாரைத்தான் பார்த்தார்.

நாச்சிமுத்து சேலையை அந்த ஜன்னல் வெயிலில் விரித்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்டரை விரலால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். ஏதாவது ஒரு புள்ளி நகர்ந்திருக்குமா என்று தேடினார்போல. எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் வந்தன. கூடத்தில் கிரைண்டரைக் காணோம். சமையற்கட்டிலிருந்து அது மாவரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் சேலையை மடித்து மருமகள் கையில் கொடுத்தார்:

"கிரைண்டரு அங்கயே இருந்துக்கட்டும் கண்ணு. இந்த மூலை உன் கைக்கு ஆயிப்போச்சு."

இத்தனை வருஷத் தொழிலில் நான் சொன்ன பொய்க்கெல்லாம் காப்பியும் பலகாரமும் தந்த ஊர், சொன்ன ஒரே உண்மைக்கு மட்டும் அந்தக் கறுப்பு பனியனைக் கொண்டுவந்து காட்டு என்கிறது.